பட்டன் சொல்வதைப் படிப்பது எப்படி?

எங்கள் வீட்டு நாயின் பெயர் பட்டன். வந்த முதல் நாளே என் தையல் மேசைக்கு அடியில் கிடந்த ஒரு சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டான். அதனால் வந்த பெயர். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "சின்னது, வழுவழுப்பானது, தானாக வந்துவிடும். இரண்டு நாள் கவனித்துக்கொண்டே இருங்கள்" என்றார். மறுநாள் மாலை வந்தது. அன்று அவனுக்கு வயது ஒன்பது வாரம். இப்போது ஒன்பது வருஷம்.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலையாகிவிடும். அவ்வளவு நேரமும் பட்டன் என் காலடியில்தான் கிடப்பான். ஒரு நாயோடு இத்தனை மணி நேரம் ஒரே அறையில் இருப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அதனால், புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு நான் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உட்கார், கைகொடு என்று பழக்குவது இதில் வராது. நாய் செய்யும் விநோதங்களைப் பார்த்து, அது என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வதுதான் விஷயம்.

அளவு நோட்டு

யார் துணி கொண்டுவந்தாலும் அளவெடுக்காமல் கத்தரியைத் தொடமாட்டேன். ஆனால் பட்டன் விஷயத்தில் முதல் வருஷம் முழுக்க அளவே எடுக்கவில்லை. குரைத்தால் அதட்டினேன், செருப்பைத் தூக்கினால் துரத்தினேன். எதுவும் மாறவில்லை. ஒருநாள் என் மகள், "அம்மா, அவனுக்கும் உன் நோட்டில் ஒரு பக்கம் போடேன்" என்றாள். அன்றிலிருந்து அளவு நோட்டின் கடைசிப் பக்கங்கள் அவனுக்கு.

ஒரு பக்கத்தில் மூன்று பத்தி இழுங்கள். முதலாவதில், அவன் அதைச் செய்வதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. இரண்டாவதில், அவன் என்ன செய்தான். மூன்றாவதில், செய்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. மணியையும் பக்கத்தில் எழுதுங்கள். காரணத்தை யோசித்து எழுத வேண்டாம், கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் போதும். "கோபமாக இருந்தான்" என்று எழுதக்கூடாது. "காதைப் பின்னால் மடித்தான், வாயை மூடிக்கொண்டான்" என்று எழுத வேண்டும்.

செருப்பு விஷயம் பத்தே நாளில் பிடிபட்டது. தினமும் பதினொரு மணி வாக்கில்தான் தூக்கினான். அது நான் மெஷினை விட்டு எழுந்து இஸ்திரி போட நிற்கும் நேரம். நான் எழுந்தால் வெளியே கிளம்புகிறோம் என்று அவன் நினைப்பான். நான் கிளம்பாமல் மேசை முன்னால் நிற்பேன். அவன் செருப்பைக் கவ்வுவான், நான் துரத்துவேன். மூன்றாவது பத்தியில் பத்து நாளும் ஒரே வரிதான் இருந்தது: "துரத்தினேன்." அவனுக்கு வேண்டியது செருப்பே இல்லை. என்னோடு ஓட வேண்டும், அவ்வளவுதான். அதன்பிறகு எழுந்தவுடன் இரண்டு நிமிஷம் கயிற்றுப் பொம்மையை வைத்து அவனோடு இழுபறி விளையாடிவிட்டு இஸ்திரிக்குப் போனேன். செருப்பைத் தூக்கினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போனது.

குட்டியாக இருக்கும்போது

முதல் மாதங்களில் இரண்டு தொல்லை: கடிப்பது, கண்ட இடத்தில் சிறுநீர் போவது. இரண்டுக்கும் உடம்புதான் காரணம்.

குட்டிக்கு 28 பால் பற்கள். நாலு மாதத்தை ஒட்டி அவை விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அந்தச் சமயத்தில் ஈறு குறுகுறுக்கும், எதையாவது கடித்தே தீரும். கடிக்காதே என்று சொல்லிப் பயனில்லை, கடிப்பதற்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். கெட்டி ரப்பர் பொம்மையைக் குளிரவைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். பழைய துணியை முடிச்சுப் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. நூல் பிரியும் துணியைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சிறுநீருக்கு ஒரு கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் பகலில் எத்தனை மணி நேரம் அடக்கிக்கொள்ளும் என்று தோராயமாகத் தெரியும். இரண்டு மாதக் குட்டியென்றால் மூன்று மணி நேரம், அதுவும் அதிகபட்சம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கிப் போங்கள். தரையை முகர்ந்துகொண்டே வட்டம் சுற்றினால் யோசிக்கவே நேரமில்லை. வெளியே போய் முடித்த அந்த நொடியில் பாராட்டுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு பாராட்டினால், வீட்டுக்குள் வந்ததற்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இந்த வயதில் செய்ய வேண்டும். மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலு வாரம் வரை குட்டியின் மனம் திறந்த கதவு மாதிரி இருக்கும். அப்போது பயமில்லாமல் பழகிய சத்தமும் ஆளும் இடமும் பிற்பாடு பெரும்பாலும் மிரட்டுவதில்லை. பட்டன் ஒன்பது வாரத்தில் வந்ததால் மெஷின் சத்தம் அவனுக்குத் தாலாட்டு. இடியை முதன்முதலில் கேட்டபோது அவனுக்கு ஆறு மாதம். இன்றைக்கும் இடித்தால் நடுங்குவான். அப்போது உள் அறையில் திரையை இழுத்துவிட்டு, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெஷினை ஓட்டுவேன். பயந்த நாயை அணைத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பக்கத்தில் வந்தால் தயங்காமல் தடவிக்கொடுங்கள்.

குற்றவாளி முகம்

பட்டனுக்கு ஒன்றரை வயதில், ஒரு கல்யாணத்துக்காகத் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் லைனிங்கைக் கிழித்துவிட்டான். கதவைத் திறந்தேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காதை மடித்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தான். தப்பு செய்தது அவனுக்கே தெரிகிறது என்றுதான் நினைத்தேன். நன்றாகத் திட்டினேன்.

சில வாரம் கழித்து என் மாமியார் மேசையிலிருந்த துணிக்கட்டைத் தெரியாமல் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வந்து, தரையெல்லாம் துணியைப் பார்த்து, "அடடா!" என்றேன். பட்டன் அதே முகத்தைக் காட்டினான். அவன் எதுவுமே செய்யவில்லை.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொன்ன தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வருகிறது. திட்டுவதை நிறுத்து என்று நாய் கெஞ்சும் முகம் அது. இதைப் படித்த அன்று பட்டனிடம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே வீட்டுக்கு வந்து கிழிந்ததைப் பார்த்தால், பேசாமல் பெருக்கி எடுங்கள். எப்போதோ நடந்ததற்கு இப்போது திட்டினால், நீங்கள் வீட்டுக்கு வருவதே பயம் என்றுதான் நாய்க்குப் பதியும். பிறகு நோட்டை எடுத்து, எத்தனை மணி நேரம் தனியாக இருந்தான், அன்று நடைக்குப் போனானா என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் கிழிந்த நாட்கள் எல்லாம் காலை நடை தவறிய நாட்கள்.

அழைப்பு மணி

தையல்காரி வீட்டில் மணி ஓயாது. அளவு கொடுக்க, துணி வாங்க, ஊக்கு வைக்க என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அடிக்கும். ஒவ்வொரு தடவையும் பட்டன் அறை அதிரக் குரைப்பான். நான் மெஷினில் இருந்தபடியே "சும்மா இரு!" என்று கத்துவேன். நானும் சேர்ந்து குரைக்கிறேன் என்றுதான் அவனுக்குப் பட்டிருக்கும்.

நாய் குரைத்து ஆள் வந்ததைச் சொல்வது அதன் இயல்பு. அதை அடியோடு நிறுத்தப் பார்க்காதீர்கள். "சொன்னாய், கேட்டுவிட்டேன், இனி நீ இங்கே போய் உட்காரலாம்" என்று அடுத்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். நான் செய்தது இதுதான்.

முதலில் ஒரு பாய். கதவு தெரியும்படி, ஆனால் கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிப் போட்டேன். மணியே இல்லாமல், அவன் பாயில் கால் வைத்தபோதெல்லாம் நகம் அளவு தீனி ஒரு துண்டு. மூன்று நாளில் அவனாகவே பாயில் போய் நின்று என்னைப் பார்க்க ஆரம்பித்தான். அப்புறம் மணிச் சத்தத்தை போனில் பதிவு செய்து, காதில் விழுகிற அளவுக்கு மட்டும் மெதுவாக வைத்தேன். சத்தம் வந்ததும் பாயில் தீனி. குரைக்கவில்லை என்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டினேன். குரைத்தால் பழைய அளவுக்கே இறங்கினேன். கடைசியில் மகள் வெளியே நின்று நிஜ மணியை அடித்தாள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகவில்லை. மொத்தம் மூன்று வாரம் பிடித்தது.

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லவ் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டு சொன்னதுதான் இது. ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1904இல் நோபல் பரிசு வாங்கியவர். சாப்பாடு வருவதற்கு முன்பே, அதற்கு அறிகுறியான ஒன்றைக் கண்டும் கேட்டும் நாய்களுக்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். அறிகுறியை நாய் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இப்போது பட்டன் மணி அடித்ததும் இரண்டு முறை குரைத்துவிட்டுப் பாய்க்குப் போகிறான். தொலைக்காட்சியில் மணி அடித்தாலும் போகிறான். அதற்கும் ஒரு துண்டு கொடுத்துவிடுவேன். அவன் பங்கு வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறான்.

வாலும் கண்ணும்

வாலாட்டினால் சந்தோஷம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வால் ஆடினால் மனம் கிளர்ந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். உடம்பு முழுக்கக் குழைந்து இடுப்போடு சேர்ந்து ஆடினால் அது வரவேற்பு. உடம்பு விறைத்து, வால் உயர நின்று நுனி மட்டும் வேகமாக ஆடினால் தள்ளி நில்லுங்கள். இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007இல் இன்னொன்று கண்டார்கள். வளர்ப்பவரைப் பார்க்கும் நாயின் வால் நாயின் வலப்பக்கம் அதிகம் சாய்கிறது. முன்பின் தெரியாத ஆதிக்க நாயைப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது. பட்டனிடம் இதைக் கண்ணால் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிடித்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் குழந்தைகளையும் கூட்டிவருவார்கள். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது நாய் உதட்டை நக்குகிறதா, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றுமே "போதும்" என்பதற்கு அடையாளம். அப்போதே பிரித்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு நான் சொல்வது: நீ போய்த் தொடாதே, அது வந்து முகரட்டும், மூன்று எண்ணும் வரை மார்பில் தடவு, கையை எடு, திரும்பவும் வந்தால் இன்னும் தடவு.

உறுமினால் தண்டிக்காதீர்கள். உறுமல் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து உறுமலை நிறுத்தினால் எச்சரிக்கை போய்விடும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். எந்த நாயாக இருந்தாலும் பல் பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். நம் நாய்க்குத் தடுப்பூசித் தேதி தவறவே கூடாது. நான் அதை அளவு நோட்டின் முன் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

நடை

நடைக்குப் போனால் நான்கு அடிக்கு ஒரு தரம் நின்று முகர்கிறது என்று வாரை இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. நம் மூக்கில் மோப்ப உணர்விகள் சில மில்லியன்தான். நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். நாம் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பது போல, யார் வந்தார், எப்போது போனார், ஆணா பெண்ணா என்று அது ஒரு கம்பத்தடியில் தெரிந்துகொள்கிறது. நடையின் பாதி நேரம் வேகமாக, உங்களுக்காக. மீதிப் பாதியில் வாரைத் தளர்த்தி, அவன் நின்ற இடத்தில் நில்லுங்கள். இருபது நிமிஷம் முகர்ந்து வந்த நாய், ஒரு மணி நேரம் ஓடிய நாய்போல நிம்மதியாகத் தூங்குவதை என் நோட்டில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வெயிலில் ஒரு சோதனை: புறங்கையைத் தரையில் வையுங்கள். ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்.

தண்ணீர், குளியல், நகம்

நாய் தண்ணீர் குடித்த இடம் ஏன் குளமாகிறது? நாக்கைப் பின்பக்கமாகச் சுருட்டித் தண்ணீரில் அடித்து மேலே இழுக்கிறது, அதில் தெறிக்கிறது. தட்டின் கீழ் ஒரு துண்டை விரித்துவிடுங்கள். குளித்ததும் உதறுவதைத் தடுக்க முடியாது. ஒரு நொடிக்கு நாலைந்து தடவை உதறி, பெரும்பகுதித் தண்ணீரை அந்த நொடியிலேயே விசிறிவிடும். துவட்ட மெனக்கெடுவதைவிட, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு "உதறு" என்று சொல்லிச் சொல்லி அங்கேயே உதறப் பழக்கிவிட்டேன்.

நகத்துக்கு ஒரே வழி பொறுமை. பட்டனுக்குக் கறுப்பு நகம், உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் தெரியாது. அதனால் ஒரு நாளைக்கு இரண்டே நகம், நுனியில் மெல்லிய சீவல் மட்டும். வெட்டிய இடத்தின் நடுவில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்த வேண்டும்.

எட்டாத உயரத்தில் வைக்க வேண்டியவை

ஊசியும் நூலும். நூல் பிரியும் துணி வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் இது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்குப்பை மாதிரி சுருக்கி அறுத்துவிடும். நூல் வாயிலோ ஆசனவாயிலோ தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே இழுக்காதீர்கள்; அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவாமல் நான் விளக்கணைப்பதில்லை. பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் என் கதைபோல இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது, உடனே ஓட வேண்டும்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், நாம் போடும் வலி மாத்திரை, எல்லாமே நாய்க்கு விஷம். "ஒரே ஒரு துண்டு" என்று யாரும் ஊட்டாதபடி வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

சாயங்காலம்

திடீரென்று ஒரு கிறுக்குப் பிடித்த மாதிரி வாலைச் சுருட்டிக்கொண்டு அறைக்கு அறை ஓடும். பெரும்பாலும் குளித்த பிறகு, அல்லது பொழுது சாயும்போது. பயப்பட ஒன்றுமில்லை, தேக்கி வைத்த வேகம் வெளியே வருகிறது. வழுக்கும் தரையில் ஒரு விரிப்பைப் போட்டுவிட்டு, மேசை முனைகளுக்குக் குறுக்கே நில்லுங்கள். துரத்தாதீர்கள். இரண்டு நிமிஷத்தில் தொப்பென்று விழுந்து சிரித்த வாயோடு உங்களைப் பார்ப்பான். என் ஒரு நாளில் மிகப் பிடித்த இரண்டு நிமிஷம் அது.

பேசுங்கள். ஹங்கேரியில் 2016இல் விழித்திருந்த நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பாராட்டும் சொல்லும் பாராட்டும் குரலும் ஒன்றாக வந்தபோதுதான் மகிழ்ச்சிக்கான பகுதி விழித்தது. அதனால் "நல்ல பையன்" என்பதை மனதில்லாமல் சொல்லாதீர்கள்.

பட்டனுக்கு இப்போது மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. போன வருஷத்திலிருந்து காதும் மந்தம். முன்கூட்டியே கைச்சாடை பழக்கியது நல்லதாயிற்று: உள்ளங்கை கீழே என்றால் உட்கார், இரண்டு கையும் விரித்தால் வா. உங்கள் நாய் இளமையாக இருக்கும்போதே ஒவ்வொரு சொல்லோடும் ஒரு சாடையைச் சேர்த்துவிடுங்கள். தூங்கும் வயதான நாயைத் தொட்டு எழுப்பாதீர்கள், தரையைக் காலால் மெல்லத் தட்டுங்கள், அதிர்வில் விழித்துக்கொள்ளும்.

மணி அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை. நான் கதவைப் பார்த்துத் தலையைத் திருப்புவதைக் கண்டு பாய்க்குப் போகிறான். மாலை ஆறு மணிக்கு மட்டும் அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெடலில் இருக்கும் என் பாதத்தின் மேல் தாடையை வைப்பான். ஓடிக்கொண்டிருக்கும் தையலை முடித்து, நூலைக் கத்தரித்து, மெஷினுக்கு உறை போடுவேன். அதற்குள் அவன் வாரைக் கவ்விக்கொண்டு வாசலில் நிற்பான்.